இருபது விநாடித் தம்பி

லிஃப்ட் மெக்கானிக்கை அவர் வேலை பார்க்கும் கட்டடங்களில் எல்லாரும் பம்பரம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். கோபித்துக்கொள்ள அவர் ஓரிடத்தில் நின்றால்தானே? வயது ஐம்பத்திரண்டு. டீயை ஆறவைத்து அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. லிஃப்டுக்குள் ஏறியதும் கதவு மூடும் பொத்தானை மூன்று முறை தட்டுவார். பாதிக் கட்டடங்களில் அந்தப் பொத்தான் எதனோடும் இணைக்கப்படவே இல்லை. பலகையைக் கழற்றி அதைக் கண்டுபிடித்தவரே அவர்தான். இருந்தாலும் தட்டுவார்.

நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும் டிவி பெட்டி வீட்டுக்கு வந்தபோது, தனக்காகவே யாரோ யோசித்துச் செய்த சாமான் என்று நினைத்தார். ஏழு மணிக்கு வரும் குடும்பத் தொடர் அதில் பதிவாகும். எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, மனைவியோடு உட்கார்ந்து பார்ப்பார். ரிமோட் வேறு யார் கைக்கும் போகாது. விளம்பரம் ஆரம்பித்ததும் முன்னால் தள்ளும் பொத்தானை ஆறு முறை அமுக்குவார், பின்னால் இழுப்பதை ஒரு முறை. சில நாள் கை வேகத்தில் கதையும் சேர்ந்து ஓடிவிடும்.

"கொஞ்சம் மூச்சு விட விடுங்களேன்" என்பாள் மனைவி. "அந்தப் பொண்ணு இன்னும் கண்ணைக்கூடத் துடைக்கலை. அதுக்குள்ள அடுத்த சண்டைக்கு இழுத்துட்டுப் போறீங்க."

"சோப்பு விக்கிறவன் சொல்றதெல்லாம் நான் எதுக்கும்மா கேக்கணும்?"

அரை மணி நேரத் தொடர் பத்தொன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சப்பட்ட நேரத்தில் அவர் பால்கனியிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து பால்கனிக்கும் நடப்பார்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை, ஆறாவது மாடியில் கதவு சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு குடித்தனக்கார அம்மா அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "முழங்கால் வலி இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டார். இவருக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. ஆளை மாற்றிக் கேட்கிறார் என்று விட்டுவிட்டார். புதன்கிழமை ஓர் அலுவலகக் காவலாளி, "படியேறிப் போறீங்களா, லிஃப்டா?" என்று கேட்டுவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். வெள்ளிக்கிழமை டீக்கடை அக்கா கிளாஸை நீட்டிக்கொண்டே, "டிவியில வர்றது நீங்கதானே? சொல்லவே இல்லை பாருங்க" என்றாள்.

"நானா? டிவியிலயா?"

"மூட்டு வலி தைலம். நாற்காலியில உக்காந்துட்டு முகத்தைச் சுளிப்பீங்களே. ஆனா அந்த ஆளுக்கு வழுக்கை. உங்களுக்கு முடி இருக்கு. விக் வெச்சிருக்கீங்களா?"

அவர் கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார். அவரை உரித்துவைத்தது போன்ற முகமும் வழுக்கைத் தலையும் உள்ள ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவருடைய தம்பி.

தம்பியோடு பேச்சு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பா இறந்த அன்று தம்பி தூரத்து ஊர் ஒன்றில் இருந்தான். படப்பிடிப்புக்கு விளக்குகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுவது அவன் வேலை. செய்தி கேட்டதும் கிளம்பிவிட்டான். வழியில் வேன் மக்கர் பண்ணியது. "வந்துட்டே இருக்கேன், எடுத்துடாதீங்க" என்று மூன்று தடவை ஃபோன் செய்தான். இவர் மூன்று தடவையும் சரி என்றார். ஆனால் நான்கு மணிக்கே எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னவர் இவர்தான். தம்பி வாசலில் வந்து இறங்கியபோது மணி ஐந்து. கழுவிவிட்ட தரை காய்ந்துகொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் உன்னால இருக்க முடியலையா?" என்று மட்டும் கேட்டான். அதன்பிறகு அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அன்று மாலை செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தவர் மனைவியிடம் நேராகக் கேட்டார். "அவன் விளம்பரத்துல வர்றானா?"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வர்றார்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு மாசமா. ஏழு மணிக்கு ஓடும்போதே தொடரை விளம்பரத்தோட ஒரு தடவை பார்த்துடுவேன். அப்புறம் உங்களோட விளம்பரம் இல்லாம இன்னொரு தடவை."

"சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீங்க அந்தத் தொடரையே நிறுத்திடுவீங்க. இருபது விநாடிதான் வர்றார். அதையாவது பார்த்துக்கிட்டிருப்போமேன்னு பேசாம இருந்துட்டேன்."

அவர் முந்தின நாள் பதிவை ஓடவிட்டு, முதல் இடைவேளையில் ரிமோட்டைத் தொடையில் கவிழ்த்துவைத்தார். பெயின்ட், சோப்பு, செல்ஃபோன், மறுபடி அதே சோப்பு. கால் ஆடியது. எழுந்தார், உட்கார்ந்தார். விளம்பரங்கள் இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. இரண்டாவது இடைவேளையில்தான் வந்தான்.

ஒரு நாற்காலி. அதில் தம்பி. எழ முயல்கிறான், முழங்காலைப் பிடிக்கிறான், முகம் சுளிக்கிறது. தைலப் புட்டி வருகிறது. அடுத்த நொடி மாடிப்படியில் துள்ளி ஏறுகிறான். "இனிமே நானே ஏறிடுவேன்!" முடிந்தது.

பின்னால் இழுத்தார். மறுபடி பார்த்தார். நான்காவது தடவைதான் அது கண்ணில் பட்டது. எழுந்திருக்கும்போது இடது கையை நாற்காலியின் கையில் ஊன்றி, நிமிர்ந்தபின் ஒரு கணம் அப்படியே நின்று, எங்கே போகக் கிளம்பினோம் என்று யோசிப்பதுபோல ஒரு பார்வை. அது நடிப்பில்லை. அப்பா அப்படித்தான் எழுந்திருப்பார்.

"போதும், படம் தேஞ்சிடப் போகுது" என்றாள் மனைவி. அதற்குள் பதினைந்து தடவையாவது ஆகியிருக்கும்.

"குரல் அவனோடது இல்லை" என்றார். "வேற எவனோ பேசியிருக்கான்."

அதுதான் அவரை அரித்தது. முகம் கிடைத்துவிட்டது, குரல் கிடைக்கவில்லை. மறுநாள் மெஷின் ரூமில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே தம்பியின் எண்ணை அழுத்தினார். "ஹலோ" என்று கேட்டதும் வைத்துவிட்டார். உச்சி வெயிலில் மொட்டைமாடியில் நின்று மறுபடி அழைத்தார். மறுபடி வைத்தார். பிறகும் இதே கதைதான். அந்த வாரம் ஒரு லிஃப்டில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டார். இருபத்தெட்டு வருடத்தில் நடக்காத தப்பு. மேஸ்திரி, "என்ன பம்பரம், கயிறு அறுந்துபோச்சா?" என்று கேட்டார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு நடந்தார். படுக்கையில் போர்வையோடு மல்லுக்கட்டினார்.

"ஒண்ணு போயிட்டு வாங்க, இல்லைன்னா ஒரு இடத்துல உக்காருங்க" என்றாள் மனைவி. "ரெண்டும் இல்லாம என் தலை சுத்துது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார். இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் மூன்று முறை இருக்கை மாறினார். வேன்கள் நிறுத்தும் கொட்டகையை விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, தம்பி தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். குழாயை மூடவில்லை.

"ஹலோன்னு சொன்னதும் வெச்சது நீதானே?"

"ஆமா."

"நாலு தடவை."

"மூணு."

"நாலு. ஒரு தடவை நான் குளிச்சிட்டிருந்தேன். அவ எடுத்தா."

இவர் ஈரத்தில் கால் வைக்காமல் ஒதுங்கி நின்றார். "டிவியில பார்த்தேன்."

"நடிக்க வேண்டியவர் வரலை. லைட் இறக்கிட்டிருந்தவனை உக்காரச் சொல்லிட்டாங்க."

"குரல் உன்னோடது இல்லையே."

"நான் பேசினா வலிக்கிற மாதிரியே இல்லையாம்." தம்பி சிரிக்கவில்லை. "இதைச் சொல்லவா வந்தே?"

இல்லை என்று தலையாட்டினார். சட்டைப் பையில் கை விட்டார், எடுத்தார். "அன்னிக்கு என்னால உக்கார முடியலைடா. எல்லாரும் சுத்தி உக்காந்திருக்காங்க, நடுவுல அப்பா அசையாம கிடக்கார். நான் உள்ளே போறேன், வெளியே வர்றேன், உள்ளே போறேன். முடிச்சிட்டா இது நின்னுடும்னு நினைச்சேன். உன்னை நினைக்கலை. அதான் நிஜம். ஒரு நிமிஷம்கூட உன்னை நினைக்கலை."

தம்பி குழாயை மூடினான். ஒரு பழைய டயரை உருட்டி வந்து கவிழ்த்துப் போட்டான்.

"உக்காரு."

உட்கார்ந்தார்.

"எனக்கு அன்னிக்குக் காலையிலேர்ந்து சொல்லு. அப்பா எழுந்ததுலேர்ந்து. யாரும் எனக்கு முழுசா சொல்லலை. நீ ஃபோன்ல 'அப்பா போயிட்டார், கிளம்பு'ன்னே. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"காலையில எழுந்தார், காபி குடிச்சார், பத்து மணிக்கு நெஞ்சு வலின்னார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், அங்கே..."

"ஓடாதே" என்றான் தம்பி. "காபி அவரே போட்டாரா, அண்ணி கொடுத்தாங்களா?"

இவர் யோசித்தார். மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்வி. "அவரே போட்டார். பால் பொங்கிடுச்சு. அடுப்பை அவரே துடைச்சார். வேண்டாம், அவ துடைப்பான்னேன். கேக்கலை."

"அப்புறம்?"

அப்புறம் என்று கேட்டுக் கேட்டுத் தம்பி ஒவ்வொன்றாக வாங்கினான். செய்தித்தாளைப் படித்தாரா, மடித்து வைத்தாரா. யாரைப் பற்றிப் பேசினார். செருப்பு போட்டுக்கொண்டாரா. ஆட்டோவில் யார் தோளில் சாய்ந்தார். இவர் தோளில்தான். அதைச் சொல்லும்போது இவருக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. எழவில்லை. மருத்துவமனை வாசலில் அப்பா கேட்டதை அதுவரை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. "சின்னவன் வந்துட்டானா" என்று கேட்டார். "வந்துட்டே இருக்கான்" என்று இவர் பொய் சொன்னார். அப்போது தம்பிக்குத் தகவலே போயிருக்கவில்லை.

தம்பி வேன் பக்கம் திரும்பிக்கொண்டான். கழுவி முடித்த சக்கரத்தையே கையால் மறுபடி தேய்த்தான். பிறகு, "என்ன சட்டை போட்டிருந்தார்?" என்று கேட்டான்.

"நீலக் கட்டம் போட்டது."

"அது எங்கே?"

"எங்க அலமாரியில இருக்கு."

"எனக்கு வேணும்."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூட நடந்து வந்தான். பஸ் வந்தபோது, "பார்த்துப் போ" என்றான். அது அவன் சொந்தக் குரல்தான்.

மறு ஞாயிறு இவர் சட்டையைத் தானே துவைத்து, இஸ்திரி போட்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் தம்பி மனைவி இவர் மனைவிக்கு ஃபோன் செய்தாள்.

"அக்கா, சட்டை அவருக்குப் பத்தவே இல்லை. தொப்பையில ஒரு பொத்தான்கூடப் போட முடியலை. கழட்டுங்கன்னா கேக்கலை. எல்லாப் பொத்தானையும் திறந்துவிட்டுட்டு, அப்படியே வேன் எடுத்துட்டுப் போயிட்டார்."