கறிவேப்பிலைக்கா காசு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பர்மாப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தமிழ் எழுத்து கோயிலின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பழகியது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்காக இதை அச்சுக் கோப்பவர்கள் பொறுத்துக்கொண்டு பிழைகளைத் திருத்த வேண்டும். நடந்ததை மட்டும் திருத்தாமல் விட்டால் போதும்.

ரங்கூனில் போட்டாதாங் பகுதியில் படகுத்துறைக்குப் போகும் சந்து ஒன்றில் எனக்குக் காய்கறிக் கடை. கடை என்றால் ஒரு பலகையும் மேலே ஒரு தார்ப்பாயும்தான். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். அதனால் முருங்கைக்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய் என்று சாம்பாருக்கு ஆகிறதாகப் பார்த்து வைப்பேன். எனக்கு எதிர்ப்பேச்சு வராது. யாராவது பேரம் பேசினால் தலையைக் குனிந்துகொண்டு குறைத்துக் கொடுத்துவிடுவேன்.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியின் டவுனைத் தாண்டி உள்ளே போனால் நம்மவர்கள் பயிர் வைக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே தோட்டவேலை எல்லாம் பெண்கள் கையில். பிள்ளைகள் நடுநிலைப் பள்ளி வரைக்கும் ஊரிலேயே படிப்பார்கள். அதற்கு மேலே படிக்கத் தன்லியினுக்கு லைன் காரில், அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வண்டியில், போக வேண்டும். கார்க் கூலிக்கும் டியூஷனுக்கும் வழியில்லாமல் பெண்பிள்ளைகள் தையல் ஃபேக்டரிக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சங்கம் கூட்டம் போட்டது. எண்ணம் நல்ல எண்ணம். அதில் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கூட்டத்தில்தான் தலைவர் கறிவேப்பிலையைச் சொன்னார். தாளிக்காத தமிழ் வீடு ரங்கூனில் உண்டா என்று கேட்டார். இல்லை என்று எல்லோரும் சொன்னோம். பெண்களுக்குக் கன்று கொடுப்பது, இலையை என் கடையில் விற்பது, வருகிற காசு பிள்ளைகள் படிப்புக்கு மட்டும் என்று முடிவானது. எல்லோரும் கை தட்டினோம். நானும் பலமாகத் தட்டினேன். அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்குக்கூட, நாம் பிறந்தது முதல் கறிவேப்பிலைக்குக் காசு கொடுத்ததில்லை என்பது ஞாபகம் வரவில்லை.

கன்று இலை விட்டு, ஒடிக்கிற அளவுக்கு வளர இரண்டு வருஷம் ஆனது. கோடையில் குளத்துத் தண்ணீரைத் தலையில் சுமந்து ஊற்றியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண், புருஷன் இல்லாதவள், என்னை அண்ணே என்பாள். நான் தங்கச்சி என்பேன். அவளுடைய மகள் ஊர்ப் பள்ளியை முடித்திருந்தாள். ஜூனில் தன்லியின் பள்ளியில் சேர வேண்டும், இல்லையென்றால் ஃபேக்டரி. ஃபேக்டரிக்காரர்கள் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல் கூடை வந்த அன்று காலையில், பல வருஷமாக என்னிடம் வாங்குகிற அக்கா ஒருவர் வந்தார். கத்தரிக்காய் வாங்கினார். கூடையிலிருந்து கறிவேப்பிலைக் கட்டு ஒன்றை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். கொசுறு. எப்போதும் நான் கொடுக்கிறதுதான். கூப்பிட வாய் வரவில்லை. அடுத்தவரும் அப்படியே செய்தார். வெயில் ஏறுவதற்குள் கூடை காலி. பலகையில் வெண்டைக்காயும் மற்றதும் விற்ற காசு இருந்தது. இலைக்கு என்று எதுவும் இல்லை.

மறுநாள் தைரியம் பண்ணிக்கொண்டு, இலைக்குத் தனியாகக் காசு என்று மெல்லச் சொன்னேன்.

"கறிவேப்பிலைக்கா காசு?" என்றார் அந்த அக்கா. "நாளைக்கு இந்தச் சந்துல நடந்து போறதுக்கும் கேப்ப போலிருக்கே தம்பி."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கத்தரிக்காயையும் திருப்பி வைத்துவிட்டு, கியாக்டடா மார்க்கெட் பக்கம் போனால் கடைக்காரன் கேட்காமலே தருவான் என்று சொல்லிப் போனார். அட்டை ஒன்றில் 'இந்த இலை பிள்ளைகள் படிப்புக்கு' என்று எழுதித் தொங்கவிட்டேன். நின்று படித்தார்கள். புண்ணியமான காரியம் என்றார்கள். சொல்லிக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் தலைவரே பார்க்க வந்தார். கூடை சீக்கிரம் காலியாகிறதைக் கண்டு முதுகில் தட்டினார். எப்படிக் காலியாகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வீட்டுக்கு என்று இரண்டு கட்டு எடுத்துக்கொண்டார். நம்ம திட்டம்தானே என்று சிரித்தார்.

தங்கச்சிக்கு என்ன சொல்வது? அவள் லைன் காரில் கூடை அனுப்பிவிட்டு, போனில் எப்படிண்ணே போகுது என்று கேட்பாள். பார்க்கலாம் தங்கச்சி என்பேன். மே மாதம் அவளே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தலைகீழாகக் கவிழ்த்த பெட்டிமேல் என் பின்னால் உட்கார்ந்து, காலைநேரம் முழுக்க வியாபாரத்தைப் பார்த்தாள். மகள் தலை நிமிரவில்லை.

பழைய அக்கா வந்தார். வழக்கம்போல இலையில் கை வைத்தார். தங்கச்சி எழுந்தாள்.

"அது காசுக்கு, பெரியம்மா."

"யாரு நீ? நான் இவன்கிட்ட இந்தக் கடை போட்ட நாள்லேர்ந்து வாங்குறேன்."

"நான் தண்ணி ஊத்துனவ. சும்மா வேணும்னா எங்க ஊர்ல வேப்பிலை கெடக்கு. அதப் போட்டுத் தாளிங்க."

அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். இலையைக் கூடைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு இன்றுவரை என் கடைக்கு வரவில்லை.

பக்கத்தில் பாய் விரித்துக் கீரை விற்கிற பர்மாக்கார அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் ஜனங்கள் இந்த இலைக்கு ஏன் தினமும் சண்டை போடுகிறார்கள் என்று பர்மா பாஷையில் கேட்டார். தங்கச்சி அதே பாஷையில் பதில் சொன்னாள். இலவசமாக எடுத்தே பழகிவிட்டார்கள் என்றாள். அந்த அம்மாளுக்கு அது விளங்கவே இல்லை. அவர்கள் வீட்டில் உடம்புக்கு நல்லது என்று சூப்பில் போடுவார்களாம், கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குவார்களாம். தங்கச்சி வேறொன்றும் கேட்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பாயில் வைத்தாள். என் பலகையிலிருந்து நாலு எட்டு தூரம் இருக்காது. அங்கே வந்த பர்மாக்காரர்கள் விலை கேட்டார்கள், காசு கொடுத்தார்கள், வாங்கிப் போனார்கள்.

சந்தோஷப்பட வேண்டியவன் நான். என்னால் முடியவில்லை. அதே இலை, அதே சந்து. நம் பிள்ளைகள் படிக்க நம்மவர்கள் கொடுக்காததை அடுத்தவர்கள் யோசிக்காமல் கொடுத்தார்கள்.

ஜூன் பிறந்த பிறகு ஒரு காலை தங்கச்சி தனியாகக் கூடையோடு வந்தாள். மகள் எங்கே என்று கேட்டேன்.

"பச்சை லுங்கி கட்டிக்கிட்டுப் போயிட்டாண்ணே" என்றாள். தன்லியின் பள்ளிச் சீருடை அது. இப்போதைக்குக் கார்க் கூலி வந்துவிடுகிறது. டியூஷனுக்கு இன்னும் பத்தாது. டியூஷன் இல்லாமல் பள்ளியின் கடைசிப் பரீட்சையைத் தாண்டுவது கஷ்டம் என்று எனக்கே தெரியும்.

இன்று காலை சங்கக் கூட்டம். கறிவேப்பிலைத் திட்டம் வெற்றி என்று தலைவர் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்தது கொத்தமல்லி என்றார். அதற்கும் தட்டினார்கள். கொத்தமல்லியையும் நாம் கொசுறாகத்தான் கேட்கிறோம். எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கவும் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் என்னைக் காட்டி, இவர்தான் விற்றுக் கொடுத்தவர், மலருக்கு நாலு வரி எழுதித் தருவார் என்றார்.

நாலு வரிக்கு மேலே போய்விட்டது. அந்த ஊருக்குக் கொத்தமல்லி விதை கொண்டுபோகிறவர்கள், போவதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும். படித்த பிறகு யாருடைய கடையானாலும் சரி, இலைக்கு என்ன விலை என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை இந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடக் கூடாது.

ரங்கூன், 2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை.