நாற்பத்திரண்டாயிரம் என்று வாய்விட்டுச் சொன்ன நாள்

எங்கள் பேருந்து நிலையத்தில் முன்பதிவுக்கு ஐந்து கவுண்டர்கள் இருந்தன. நான்காவதில் நான், ஐந்தாவதில் அவள். எந்த நேரத்தில் போய் நின்றாலும் அவளிடம் சில்லறை இருக்கும். அதனால் மேலாளரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் 'சில்லறை'தான். சம்பளப் பட்டியலில் அவளுடைய சொந்தப் பெயரைப் பார்த்தால், யாரோ புது ஆள் போலிருக்கிறது என்று ஒரு கணம் தோன்றும்.

எல்லோரும் கைபேசியிலேயே டிக்கெட் எடுக்க ஆரம்பித்ததும் ஐந்து கவுண்டர் இரண்டானது. என்னை அலுவலகத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். அவளை அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை.

"எது என் வயித்துல அடிச்சுதோ, அதையே கத்துக்கப் போறேன்டி," என்றாள். "அந்த வெப்சைட்டை யாரோ ஒருத்தர் உக்காந்துதானே செஞ்சிருப்பாங்க? வானத்துல இருந்தா குதிச்சுது?"

சொன்னபடி செய்தாள். அவள் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். சாரத்துப் பலகை ஒன்றை அறுத்து ஜன்னலோரம் மேசை போட்டுக் கொடுத்தார். பச்சையும் வெள்ளையுமாகத் தெறித்த கறை நிறைந்த அந்தப் பலகையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, காலையில் அவர் வேலைக்குக் கிளம்பியதும் உட்காருவாள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாடங்கள்தான். இரண்டு வருடம். முதலில் அவள் செய்த பக்கங்களில் எழுத்தெல்லாம் ஒரு ஓரத்தில் போய்க் குவிந்து கிடக்கும். போகப் போக எனக்கே கண்ணை உறுத்தாத அளவுக்கு வந்துவிட்டது.

காசு வாங்கிச் செய்த முதல் வேலை ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு. அதன் முதலாளி, "எவ்வளவும்மா வேணும்?" என்று கேட்டதற்கு இவள், "நீங்களே பாத்துக் குடுங்க சார்," என்று சொல்லியிருக்கிறாள். அவரும் நன்றாகவே பார்த்தார். எட்டாயிரம் கொடுத்தார். பிறகு பதினொரு வாரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரே ஒரு சின்ன மாத்தம்மா" என்றுதான் ஒவ்வொரு போனும் ஆரம்பிக்கும். அவர் மனைவிக்கு நீலம் பிடிக்கவில்லை என்று சிவப்பானது. மச்சானுக்குச் சிவப்பு பிடிக்கவில்லை என்று மறுபடி நீலமானது. புதுக் கார் ஒன்று வாங்கியதும், அது திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓட வேண்டும் என்றார். ஓட்டிக் காட்டினாள். வேகம் அதிகம், பழகுகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்றார்.

செலவான நேரத்தை அவள் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். மொத்தம் நூற்று முப்பது மணி நேரம். வகுத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"மணிக்கு அறுபத்தி ஒண்ணு விழுதுடி. கவுண்டர்லயே தொண்ணூறு வாங்கினேன். டீ வேற ஓசி."

"முதல் வேலைன்னா அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

"வேலை தெரியலைன்னு யாராவது சொல்லியிருந்தா பரவால்ல. வேலை தெரியுது. வாயத் தொறந்து ஒரு விலை சொல்லத் தெரியல. அதுதான் அசிங்கமா இருக்கு."

அந்த வாரமே ஒரு பல்பொருள் அங்காடியில் பில் போடும் வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டாள். பாதி நிரப்பியும் விட்டாள்.

என் பூனைக்கு அப்போது தோலில் ஏதோ அரிப்பு. அதைக் காட்டப் போன இடத்தில் கால்நடை மருத்துவர், ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே புலம்பினார். போன் அடித்து அடித்து வரவேற்பில் இருக்கும் பெண் பாதி உயிராகிவிட்டாள், ஒரு வெப்சைட் இருந்தால் தேவலை என்றார். நான் உடனே என் தோழியின் எண்ணைக் கொடுத்தேன்.

அவள் போய்ப் பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனதாம். கடைசியில் டாக்டர், "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டதும் இவள், "வியாழக்கிழமை சொல்றேன் டாக்டர்," என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று இணையத்தில் தேடினாள். ஒருவர் ஐயாயிரம் என்று போட்டிருந்தார். இன்னொருவர் இரண்டு லட்சம். "ரெண்டு பேரும் ஒரே வேலையத்தான் சொல்றாங்க. நடுவுல நான் எங்கடி நிக்கறது?" என்று என்னைக் கேட்டாள். டிக்கெட் விலை எழுதி ஒட்டியிருக்கும் இடத்திலேயே காலம் தள்ளிய எனக்கு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் கொல்லையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டாள்.

"நீங்க எப்படிங்க ரேட்டு சொல்றீங்க?"

"வீட்டப் போய்ப் பாப்பேன். சுவத்தத் தட்டுவேன். பழைய பெயின்ட் உரியுதா, ஈரம் இருக்கா, எல்லாம் பாத்துட்டு எத்தன நாள் ஆகும்னு கணக்கு போடுவேன்."

"உங்களுக்கு நஷ்டமே வந்ததில்லையா?"

"வராம? ஒரு வீட்டுல மாடிப்படிய மறந்துட்டேன். மூணு நாள் ஓசியில அடிச்சுக் குடுத்தேன். இப்பல்லாம் உள்ள நுழைஞ்சதும் மாடிப்படி எங்க இருக்குன்னுதான் தேடுவேன்."

"இன்னும் ரெண்டு கோட்டு அடிங்கன்னு கேட்டா?"

"ரெண்டு கோட்டுன்னு முன்னாடியே பேசிடுவேன். மூணாவது வேணும்னா அதுக்குத் தனி." பிரஷை உதறிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, நீ அந்த ஆஸ்பத்திரிய ஒழுங்காப் பாத்தியா?"

பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள், தன் பயத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை, டாக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு காத்திருக்கும் கூடத்தில் நோட்டோடு போய் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் கூடையில் முயல், மறுபக்கம் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய நாய். இரண்டு மணி நேரத்தில் போன் முப்பத்தேழு தடவை அடித்தது. டாக்டர் இருக்காங்களா, எப்போ வரலாம், தடுப்பூசி அடுத்தது எப்போ. இந்த மூன்றே கேள்விகள்தான் பெரும்பாலும். வரவேற்புப் பெண் ஒரு கையில் போனையும் மறு கையில் யாரோ விட்டுப் போன ஆமையையும் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர்களுக்கு வேண்டியது அழகான பக்கம் இல்லை, இந்தப் போன் வாயை மூட வேண்டும், அவ்வளவுதான் என்று என் தோழிக்கு அப்போது புரிந்தது.

வீட்டுக்கு வந்து, செய்ய வேண்டியதைத் துண்டு துண்டாக எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணி நேரம் என்று போட்டாள். டிரைவிங் ஸ்கூல் நோட்டு கைகொடுத்தது. எது எவ்வளவு இழுக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை மாற்றம் செய்து கொடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் நூற்றிருபது மணி நேரம் வந்தது. பிறகு தன் பக்கம் திரும்பினாள். மாதம் இருபத்தைந்தாயிரம் கையில் நிற்க வேண்டும். இணையம், மின்சாரம், மடிக்கணினித் தேய்மானம் என்று ஒரு மூவாயிரம். படிப்பது, பேசுவது, அலைவது எல்லாம் போக மாதத்தில் எண்பது மணி நேரம்தான் காசு வரும் வேலை நடக்கும். மணிக்கு முந்நூற்றைம்பது. நூற்றிருபதால் பெருக்கினால் நாற்பத்திரண்டாயிரம்.

அந்த எண்ணை அவளாலேயே நம்ப முடியவில்லை. மறுபடி கூட்டிப் பார்த்தாள். அதேதான் வந்தது.

வியாழக்கிழமை, பூனையின் இரண்டாவது ஊசிக்கு என்று சாக்கு வைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. இவள் கணக்கெழுதிய தாளை நீட்டினாள். பேசத் தேவையில்லாமல் தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்பதுதான் திட்டம். டாக்டர் மேசையெல்லாம் துழாவிவிட்டு, "கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன். நீங்களே சொல்லிடுங்க," என்றார்.

"நாப்பத்திரெண்டாயிரம், டாக்டர்."

டாக்டர் புருவத்தைத் தூக்கினார். "அப்படியா? நான் முப்பதுக்குள்ள முடியும்னு நெனச்சேன்."

'சரி, முப்பதே குடுங்க' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் ஒரு நாய் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஊளையிட்டது. இவள் வாயைத் திறந்தாலும் கேட்டிருக்காது. டாக்டர் எழுந்து ஓடினார்.

நான் கண்ணாலேயே 'என்ன?' என்றேன். அவள் தலையைப் பலமாக ஆட்டினாள். ஆமாவா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அந்தத் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். எந்த வரியிலும் பொய் இல்லை. எந்த வரியையும் ஓசியில் செய்ய முடியாது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எங்க விட்டோம்?"

"முப்பதுக்குள்ள முடிக்கணும்னா ஒண்ணு பண்ணலாம் டாக்டர். வர்றவங்க நேரத்த அவங்களே பதிவு பண்ணிக்கற பகுதிய இப்போ விட்டுடலாம். அதுக்கு மட்டும் பன்னெண்டாயிரம். அப்பறமா வேணும்னாலும் சேத்துக்கலாம். ஆனா மொத்த வேலையையும் முப்பதுக்கு என்னால செய்ய முடியாது." தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள். ஆனால் வாக்கியம் முழுசாக வெளியே வந்துவிட்டது.

டாக்டர் யோசித்தார். "போன் அடிக்கறத நிறுத்தப் போறது அந்தப் பகுதிதானே?"

"பெரும்பாலும் அதுதான் டாக்டர். திங்கக்கிழமை உக்காந்து எண்ணிப் பாத்தேன்."

"அப்போ அத விட்டுட்டு மத்தத வச்சு நான் என்ன செய்யறது? மொத்தமாவே போடுங்க. பாதி இப்போ, பாதி முடிஞ்சதும். அப்படித்தானே எழுதியிருக்கீங்க?"

"கண்ணாடி இல்லாம எப்படி டாக்டர் படிச்சீங்க?"

"அந்த ஒரு வரிய மட்டும் தூரத்துல இருந்தே தெரியற மாதிரி பெரிசாப் போட்டிருக்கீங்களே!"

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். வெளியே வந்து மருத்துவமனைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகம் மாதிரி தெளிந்திருந்தது. கூடைக்குள்ளிருந்து பூனை என் கையைப் பிறாண்டியது, நான் அதைக் கவனிக்கவில்லை.

"இது அதிகமோ, அதிகமோன்னு இத்தன நாளா என்னையே கேட்டுட்டு இருந்தேன்டி. நானோ ஒரு செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி எறங்கற ஆளு. என்கிட்ட கேட்டா வேற என்ன பதில் வரும்?"

வேலை ஆறு வாரத்தில் முடிந்தது. நூற்று இருபத்திநான்கு மணி நேரம். நான்கு மணி நேரம்தான் பிசகு. கடைசியில் டாக்டருக்குக் கிளிகளுக்கென்று தனியாக ஒரு பக்கம் வேண்டும் போலிருந்தது. "அது தனி..." என்று இவள் இழுப்பதற்குள் அவரே, "தெரியும், எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார். நடுவில் டிரைவிங் ஸ்கூல் முதலாளியும் ஒரே ஒரு சின்ன மாற்றத்துக்குப் போன் செய்தார். என்ன ஆகும் என்று சொன்னாள். "என்னம்மா, இப்படி மாறிட்டே!" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிடவில்லை. அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன் என்றாள்.

இப்போது அவள் கையில் நான்கு வாடிக்கையாளர்கள். எல்லோரும் சொன்ன விலைக்குச் சரி என்று சொல்லிவிடுவதில்லை. போன மாதம் ஒரு தச்சர், கேட்டதும் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். இவளும் சிரித்தபடியே வழியனுப்பி வைத்திருக்கிறாள். சாயங்காலம் நாலரைக்கு மடிக்கணினியை மூடிவிட்டு நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறாள். முப்பத்தெட்டு வயதில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறாளாம். அடுத்த வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.