டிரைவர் கேட்ட சம்மதம்

அந்தத் தெருவில் எல்லோரும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் முழுவதையும் போட்டுக் கட்டிய வீடு. குடிவந்த மறு வருடமே மனைவிக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் போய்விட்டது. பகலில் அந்த அம்மாவைக் கவனித்துக்கொள்ள என்னை வைத்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தெருமுனைக் காலி மனையில் எரிவாயுக் கம்பெனி துளைபோடும் எந்திரத்தை நிறுத்தியிருந்தது. துளை நேராக ஆழத்துக்குப் போய், அங்கே திரும்பி, வீடுகளுக்கு அடியில் நீளுமாம். சத்தம் தாங்காதவர்களுக்கு வேலை முடியும்வரை வேறு இடத்தில் கம்பெனியே வீடு கொடுக்கும். ஆனால் துளைபோட ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரும் போடுவதில்லை என்று தெரு முடிவெடுத்திருந்தது. முதலில் கை தூக்கியவர் டிரைவர்.

எந்திரம் ஓடும்போதெல்லாம் கட்டில் நடுங்கும். அந்த அம்மா விழித்துக்கொண்டே கிடப்பார். குழாயோடு குழாய் சேர்க்க எந்திரத்தை நிறுத்தும் இடைவெளியில்தான் தூக்கம். அசதியில் கஞ்சியை ஒழுங்காக விழுங்க முடியாமல் புரை ஏறியது. நெஞ்சில் சளி கட்டியது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அதுதான் கொண்டுபோகும்.

"அண்ணே, இவங்களை இங்க வெச்சிருக்கக் கூடாது," என்றேன்.

"நான் என்ன பண்றது நர்ஸம்மா? அவ வர மாட்டேங்கிறா."

"அவங்க எப்படிச் சொன்னாங்க?"

மனைவியின் உள்ளங்கையில் இரண்டு விரலை வைத்தார். "இங்கயே இருந்துடலாமா?" அந்தக் கை இறுக்கிப் பிடித்தது. "பாத்தீங்களா? தினமும் கேக்கறேன். தினமும் இதேதான்."

கஞ்சிக் கரண்டியின் காம்பை அதே கையில் வைத்தேன். அதையும் பிடித்தது. சீப்பை வைத்தேன், அதையும்தான்.

"மூளை அடிபட்டா சிலருக்குக் கை இப்படி ஆயிடும். எது பட்டாலும் பிடிக்கும். சம்மதம்னு அர்த்தம் இல்ல."

"அப்ப இத்தனை நாளா நான் யார்கிட்ட கேட்டுட்டிருந்தேன்?"

"கண்ணைப் பாத்துக் கேளுங்க. ஆமான்னா மூடச் சொல்லுங்க."

அவர் குனிந்தார். "வேற வீட்டுக்குப் போலாமா? போலாம்னா கண்ணை மூடு."

அந்த அம்மா அவரைப் பார்த்தார். மெல்லக் கண்ணை மூடினார். டிரைவர் நிமிர்வதற்குள் குறட்டை வந்தது. எந்திரம் அப்போதுதான் நின்றிருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மளிகைக்காரர் வாசலில் வந்து நின்றார். "மாமா, சாயந்தரம் கம்பெனி ஆளுங்க வராங்க. நீங்கதான் முன்னால நிக்கணும்."

"நான் கையெழுத்துப் போடப் போறேன்பா."

"அத்தை சொன்னாங்களா?"

"அவ தூங்கறா. இது நான் சொல்றது."

"நல்லா இருக்கு மாமா. நடுரோட்டுல எல்லாரையும் இறக்கிவிட்டுட்டு வண்டியை எடுத்துட்டுப் போங்க."

மளிகைக்காரர் போனதும் டிரைவர் என்னிடம் திரும்பி, "என்னென்ன எடுத்து வெக்கணும், சொல்லுங்க," என்றார். முதலில் தண்ணீர் மெத்தை என்றேன்.

வீடு மாறிய அன்று தெருவில் எல்லோரும் அவரவர் வேலையாக இருந்தார்கள். கட்டிலை நானும் அவரும் வேன்காரரும்தான் தூக்கினோம். கனமாகத்தான் இருந்தது.