கிணற்றுக்குள் கட்டிய தியேட்டர்

நடந்ததைத்தான் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் தேனிக்கு வாருங்கள், ஈஸ்வரபாண்டியைக் காட்டுகிறேன். அவன் இடது கை இன்றைக்கும் தோளுக்கு மேல் ஏறாது. சட்டை மாட்டக்கூடப் பெண்டாட்டி துணை வேண்டும். கையில் என்ன என்று கேட்டால் வண்டியிலிருந்து விழுந்தேன் என்பான். அவன் வண்டியிலிருந்து விழவில்லை. விழுந்த கதையை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவன் முன்னால் இருந்த டீ ஆறிப்போயிருந்தது.

2008-ஆம் வருடம். ஹோம் தியேட்டர் மாட்டித் தருவதில் எங்கள் பக்கத்தில் ஈஸ்வரபாண்டியை அடிக்க ஆள் கிடையாது. கம்பத்துக்கு அடுத்த கூடலூரிலிருந்து கூப்பிட்டார்கள். சுந்தரலிங்கம் என்று ஏலக்காய் வியாபாரி, திராட்சைத் தோட்டமும் உண்டு. தோட்டத்திலேயே புது வீடு கட்டியிருந்தார். அதை வீடு என்பதா, கூத்து என்பதா தெரியவில்லை. ஊரெல்லாம் போர்வெல் போட்டதில் அவருடைய பெரிய கிணறு வற்றிப்போயிருந்தது. அந்தக் கிணற்றில் பாதி ஆழத்துக்குக் கல்லும் மண்ணும் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு, மிச்சப் பாதியைத் தரைக்குக் கீழே சினிமா பார்க்கும் அறையாக்கி, அதற்கு மேல் வீட்டை நிறுத்திவிட்டார்கள்.

யோசனை அவருடையதல்ல. ஒரே மகன் மகிழன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பிளான் போட்டு அனுப்பியது அவன்தான். சுந்தரலிங்கம் ஒரு மாதம் வேண்டாம் வேண்டாம் என்றிருக்கிறார். ஏன் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கவில்லை. காரணம் சொல்லாத தகப்பன் பேச்சை எந்த மகன் கேட்டான்? கட்டிவிட்டான்.

"அண்ணே, லட்சக்கணக்குல கொட்டிருக்கேன். சோபாவுல உக்காந்தா பேஸ் செத்துப்போயிருது. மேல அடுப்படியில தட்டெல்லாம் ஆடுதுன்னு அம்மா வையுது" என்றான் மகிழன்.

ஈஸ்வரபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. கிணறு சதுரம். நாலு பக்கமும் கல் சுவர், ஒரே அளவு. அப்படிப்பட்ட அறையில் பேஸ் என்கிற தாழ்ந்த சத்தம் சுவருக்குச் சுவர் முட்டி மூலைகளில் போய்க் குவியும். நட்டநடுவில் ஒன்றும் இருக்காது. பயல் அந்த நடுவில்தான் சோபாவைப் போட்டிருந்தான்.

"மூலைக்கு மூலை பஞ்ச அடைச்சுச் சத்தத்தத் திங்க வைப்போம். பெறகு ஊஃபருக்கு நல்ல எடமாப் பாப்போம். சரியாயிரும் தம்பி."

போடியிலிருந்து இலவம் பஞ்சு மூட்டைகள் வந்தன. நாலு மூலையிலும் தரையிலிருந்து கூரை வரை அடுக்கினார்கள். சுந்தரலிங்கம் படிக்கட்டின் உச்சியிலேயே நின்று பார்த்தார்.

"இன்னும் எம்புட்டு நேரம் ஆகும் தம்பி?"

"எறங்கி வந்து கேட்டுப் பாருங்கய்யா."

"முட்டி வலி."

காலையில்தான் குமுளி மலையில் ஏலத்தோட்டம் முழுக்க நடந்துவிட்டு வந்தவர். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்குச் சொந்த வீட்டுப் படியிலேயே பயம்.

ஊஃபர் என்பது அந்தத் தாழ்ந்த சத்தத்தை மட்டும் போடும் பெட்டி. அதற்கு இடம் பார்க்க ஒரு முறை உண்டு. நாம் உட்காரும் இடத்தில் ஊஃபர் பெட்டியை வைத்துவிட்டு, ஒரே தாழ்ந்த சத்தத்தை விடாமல் ஓட விடவேண்டும். பிறகு குழந்தை மாதிரி முட்டி போட்டுச் சுவர் ஓரமாகத் தவழவேண்டும். எந்த இடத்தில் காதுக்குச் சுத்தமாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்தால் சோபாவிலும் அப்படியே கேட்கும். மகிழனை ஆம்ப்ளிஃபயர் பக்கம் நிறுத்திவிட்டு ஈஸ்வரபாண்டி தவழ ஆரம்பித்தான். நல்ல பகல். மேலே வெயில் கொளுத்துகிறது. கீழே நாலு விளக்கு எரிகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

ம்ம்ம்ம்ம்...

முதல் மூலை. பஞ்சு போட்டும் சத்தம் நெஞ்சில் இடித்தது. இரண்டாவது, மூன்றாவது மூலையும் அப்படித்தான். நாலாவது மூலைக்குப் போனான். சத்தமே இல்லை. குறைந்திருந்தால் பஞ்சின் வேலை என்று விட்டிருப்பான். இது அடியோடு இல்லை. ஆள் நிறைந்த மண்டபத்தில்தான் சத்தம் இப்படி அமுங்கும். காலி அறையில் அமுங்காது. யாரோ அங்கே நெருக்கிக்கொண்டு நிற்பது போல இருந்தது.

பஞ்சு மூட்டையைப் பார்த்தான். நடுவில் ஒரு பள்ளம். மேலே ஒரு தலை, கீழே இரண்டு தோள், நீளமாக ஒரு முதுகு. ஆள் சாய்ந்த பள்ளம். தொட்டான்... வெதுவெதுவென்று இருந்தது.

"தம்பி, இங்கன நீ சாஞ்சிருந்தியா?"

"இல்லண்ணே. நான் இங்கனயேதான நிக்கேன்."

மருந்து வாடை அடித்தது. தீபாவளி மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த வாடை. ஒயர் எதுவும் கருகவில்லை. ஈஸ்வரபாண்டி எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

பன்னிரண்டு மணிக்கு வழக்கமான கரண்டு கட். விளக்குகள் அணைந்தன.

சத்தம் அணையவில்லை.

ம்ம்ம்ம்ம்...

"அண்ணே... ஆம்ப் ஆஃப் ஆயிருச்சு" என்றான் மகிழன்.

ஈஸ்வரபாண்டி செல்போன் டார்ச்சை அடித்தான். ஊஃபர் பெட்டியில் கை வைத்தான். அசைவே இல்லை. சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை. காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

பிறகு அதுவும் நின்றது.

டங்...

டங்... டங்...

இரும்பு பாறையில் இறங்கும் சத்தம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் அது தெரியும். கிணறு வெட்டுகிறவர்கள் வேட்டு வைக்கக் கல்லில் துளை போடும் சத்தம். துளை போட்டு, மருந்து அடைத்து, திரியைப் பற்றவைப்பார்கள். பற்றவைத்தால் ஓடவேண்டும்.

டங் சத்தம் நின்றது.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

"ஓடு!" என்று கத்தினான் ஈஸ்வரபாண்டி. "ஏலே, ஓடுறா!"

இரண்டு பேரும் படிக்குப் பாய்ந்தார்கள். ஈஸ்வரபாண்டி முன்னால். மகிழன் பின்னால். ஐந்தாறு படி ஏறியிருப்பார்கள்.

மகிழன் அலறினான்.

அவன் கால் பின்னால் இழுபட்டது. முகம் கல்படியில் மோதியது. பல் உடைந்தது. ரத்தம் கொட்டியது. ஈஸ்வரபாண்டி திரும்பி அவன் கையைப் பிடித்தான். டார்ச் வெளிச்சத்தில் பின்னால் யாருமில்லை. ஆனால் மகிழனின் சட்டை முதுகில் கிழிந்துகொண்டே வந்தது. தோலும் கிழிந்தது. யாரோ அவன் முதுகில் நகத்தை ஊன்றி, தோளில் கால் வைத்து, அவனை ஏணியாக்கி மேலே ஏறப் பார்க்கிறார்கள்...

அழுத்தம் கூடியது. மகிழனின் விலா எலும்பு முறிந்த சத்தம் ஈஸ்வரபாண்டிக்குக் கேட்டது.

ஈஸ்வரபாண்டி கைப்பிடிக் கம்பியில் வலது கையைக் கோத்துக்கொண்டு இடது கையால் இழுத்தான். தோள்பட்டை மளுக்கென்று கழன்றது. உயிர் போகும் வலி. விட்டால் பயல் செத்தான். விடவில்லை.

"அய்யா! கையக் கொடுங்கய்யா!"

உச்சியில் சுந்தரலிங்கம் நின்றார். வெளிச்சம் அவர் முதுகில். அசையவில்லை.

"அப்பா... அப்பா..."

ஸ்ஸ்ஸ்ஸ்...

"பெத்த புள்ளய்யா அது! எறங்குய்யா!"

அப்போதுதான் அவர் கால் அசைந்தது. ஒரு படி. இரண்டு படி. அழுதுகொண்டே இறங்கினார்.

"பேச்சிமுத்து..." என்றார். இருட்டைப் பார்த்து. "என் புள்ளைய விட்டுரு. என்னயப் பிடி."

மகிழன் மேல் இருந்த பாரம் சட்டென்று விலகியது.

சுந்தரலிங்கத்தின் கால்கள் தரையை விட்டுப் போயின. தலைகுப்புற இழுபட்டார். ஒவ்வொரு படியிலும் மண்டை மோதும் சத்தம்.

பிறகு கீழே இருட்டில் அவர் குரல்.

"இழுக்குறேன்... இழுக்குறேன்டா... பிடிச்சுக்கோ..."

ஸ்ஸ்ஸ்...

நின்றது.

டமார்!

வீடே குதித்தது. அடுப்படியில் ஒரு தட்டு மிச்சமில்லாமல் விழுந்தது.

கரண்டு வந்ததும் பார்த்தார்கள். தீ இல்லை, புகை இல்லை, கான்கிரீட்டில் ஒரு கீறல் இல்லை. ஸ்பீக்கர்கள் மட்டும் அத்தனையும் கிழிந்து தொங்கின. அறை முழுக்க இலவம் பஞ்சு பறந்து கொண்டிருந்தது. நடுவில், சோபா கிடந்த இடத்தில், சுந்தரலிங்கம் கிடந்தார். நாகஜோதி அம்மாள் புருஷனைப் பார்த்ததும் படியிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். மகிழன் பிழைத்தான். மூன்று மாதம் படுக்கை. ஈஸ்வரபாண்டி விடாமல் பிடித்த கைதான் அவனைக் காப்பாற்றியது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் சுந்தரலிங்கத்தின் உடலைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கல் குவாரியில நடந்துச்சு?" என்பதுதான். காது ஜவ்வு இரண்டும் வெடித்திருந்தன. நுரையீரல் நைந்துபோயிருந்தது. வெடிக்குப் பக்கத்தில் நின்றவனுக்குத்தான் அப்படி ஆகுமாம். அதைவிட டாக்டருக்குப் புரியாதது உள்ளங்கைகள். இரண்டிலும் தோல் உரிந்து சதை தெரிந்தது. சதைக்குள் தேங்காய் நார் ஏறியிருந்தது. போலீஸ்காரர்கள் வீடு முழுக்கத் தேடினார்கள். நார்க்கயிறு ஒரு முழம்கூட இல்லை.

ஈஸ்வரபாண்டிக்கு அந்தப் பெயர் மறக்கவில்லை. பேச்சிமுத்து யார் என்று கையில் கட்டோடு கூடலூரில் விசாரித்தான். பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள். ஒரு ஜீப் டிரைவர்தான், அந்த ஆள் பெண்டாட்டி தேவாரத்தில் காய்கறிக்கடை வைத்திருக்கிறாள் என்றார். பெயர் அய்யம்மாள். போனான். நடந்ததைச் சொன்னான். பிணத்தின் கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, வயதான மனுஷி, எதற்கு என்று.

அவள் அழவில்லை. தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"முப்பது வருசமாச்சுய்யா. அன்னைக்கு ரெண்டே பேருதான். அந்தக் கெணத்துக்குள்ள எம்புருசன். மேல கயித்தப் பிடிச்சு நின்னது அந்தச் சுந்தரலிங்கம். திரியப் பத்தவச்சிட்டு, கயித்தப் பிடிச்சுக்கிட்டு, இழு இழுன்னு கத்திருக்காக. ரோட்டுல போனவுக காதுலயே விழுந்துருக்கு."

"அவரு ஏம்மா இழுக்கல?"

"இழுத்தேன்னுதான் போலீசுகிட்டச் சொன்னான். பாதியில கயிறு நழுவி ரெண்டு உள்ளங்கையையும் அறுத்துருச்சு, தாங்க முடியாம விட்டுட்டேன்னான். கைய விரிடான்னாக. விரிச்சான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

அய்யம்மாள் தன் இரண்டு கைகளையும் அவன் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"ஒரு சிராய்ப்பு இல்லய்யா."