சாமந்திக்குப் புத்தூர் கட்டு

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. அது ஆந்திராவிலேயே இருக்கப்போகிறதா, மெட்ராஸ் பக்கம் போகப்போகிறதா என்று டீக்கடையில் தினமும் பஞ்சாயத்து நடந்த காலம் அது. ஊருக்கே போக்கிடம் தெரியாதபோது, எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட நான் எங்கே போவேன் என்று யாரும் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. நைனா கவலைப்பட்டார்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். திருப்பதியில் மாமா ஒரு மெஸ் வைத்திருந்தார். மலைக்குப் போகிறவர்களும் மலையிலிருந்து இறங்குகிறவர்களும் இட்லி தின்றுகொண்டே இருப்பார்கள். அத்தனை பேருக்கும் மாவாட்ட ஓர் ஆள் வேண்டுமாம். அந்த ஆட்டுக்கல்லை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விவசாயத்தின் மேல் பாசம் வந்தது.

எங்கள் நிலத்தில் சாமந்தி உண்டு. சரம் கட்டுகிற சின்ன மஞ்சள் சாமந்தி. விடியற்காலையில் பூவை மட்டும் கிள்ளிச் சாக்கில் போடுவோம். காம்போடு பறித்தால் எடையில் ஏமாற்றுகிறோம் என்று மண்டிக்காரர் கத்துவார். அதனால் காம்பில்லாமல் கிள்ளுவது எங்கள் வீட்டில் ஒரு மானப் பிரச்சினை.

அப்படி இருக்கையில் சித்தூர் மிஷன் கோயிலிலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் வைக்கப் பூ வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். நைனா நல்ல பூவாகப் பொறுக்கி ஒரு சாக்கு நிறைய என்னிடம் கொடுத்து அனுப்பினார். கோயிலுக்குப் பூ அலங்காரம் செய்கிறவர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. சாக்கைப் பிரித்துப் பார்த்தார்.

"தண்டு எங்க தம்பி?"

"தண்டு வெச்சா திட்டுவாங்கம்மா. நாங்க நேர்மையான ஆளுங்க."

"அப்புறம் ஜாடியில எப்படி நிக்கும்?"

"படுக்க வெச்சிடுங்கம்மா. பிரசங்கத்துல பாதிப் பேரு அப்டிதான கீறாங்க."

கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தன் தொட்டிகளைக் காட்டினார். வெள்ளைச் சாமந்தி. ஒவ்வொரு பூவும் தயிர்க் கிண்ணம் அளவு. இதழெல்லாம் உள்பக்கமாக மடிந்து பந்து மாதிரி இருந்தது. இதைத் தண்டோடு வெட்டி ஜாடியில் வைத்தால் பத்துப் பதினைந்து நாள் வாடாதாம். பூத்து முடிந்த ஒரு செடியின் தூரில் முளைத்திருந்த பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

"அடுத்த வருஷம் இங்க பூக்காட்சி நடக்கும். அதுல ஒரு தொட்டி வெச்சு பரிசுக் கார்டு வாங்கிக்கோ. அப்புறம் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தண்டுப் பூ உன்கிட்டயே எடுக்கச் சொல்றேன். கார்டு இல்லாம கமிட்டியில என்னால பேச முடியாது."

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். அவர் கன்றுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டிலும் நம்பிக்கை வைக்கவில்லை.

"சரி. அடுத்த வருசம் கார்டு வாங்கிக்கினு வா. வரலன்னா பொங்கல துன்னுட்டு திருப்பதி பஸ் ஏறு."

ஆகவே நான் சாமந்தி வளர்த்தேன். கன்றுகளைக் கோடை முழுக்க நிழலில் உயிரோடு வைத்திருப்பதே பெரிய வேலை. ஆடியில் அதன் நுனிகளை வெட்டி மணலில் ஊன்றினேன். வேர் விட்டதைத் தொட்டிக்கு மாற்றினேன். செம்மண், மக்கிய எரு, கொஞ்சம் சாம்பல். செடியில் பேன் விழுந்தபோது தாத்தாவின் புகையிலையை ஊறவைத்துத் தெளித்தேன். பேன் போய்விட்டது, தாத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தண்டு நேராக வளர மூங்கில் குச்சி நட்டுக் கட்டினேன். ஐப்பசி மழையில் தொட்டிகளை மாட்டுக்கொட்டகைக்குள் தள்ளினேன்.

எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை மொக்கு கிள்ளுவதுதான். காட்சிப் பூவுக்கு நுனி மொக்கு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பட்டாணி அளவிலேயே கிள்ளி எறிய வேண்டும். அப்போதுதான் செடியின் பலமெல்லாம் ஒரே பூவுக்குப் போகும். பூவுக்காகவே செடி வைக்கிற வீட்டில் இதைச் செய்வதற்குத் தனித் தைரியம் வேண்டும். நான் கிள்ளுவதை அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாடா, செடிய மொட்டையடிச்சிகினு கீற? திருப்பதிக்கு நேந்துகினியா?"

"ஆமாம்மா. எனக்கு பதிலா அதுக்கு மொட்ட. நான் போவாம இருக்கணும்னு வேண்டுதல்."

நைனா குனிந்தார். கீழே கிடந்த மொக்குகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து, செத்துப்போன கோழிக்குஞ்சைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

மார்கழி பிறப்பதற்குள் ஒரு தொட்டியில் பூ விரிந்தது. டீச்சரம்மாவின் பூவைவிடப் பெரிது. காட்சி நாளன்று, தண்டு தானாக நிற்பது தெரியட்டும் என்று குச்சியைப் பிடுங்கிவிட்டு, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். நைனாவும் கூட வந்தார். கார்டை எங்காவது கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்ற சந்தேகம்தான் காரணம். பக்கத்தில் ஒரு அம்மா முட்டைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாப்பா, கல்யாணப் பொண்ணாட்டம் மடியில வெச்சிக்கினு போற?"

"பொண்ணு பாக்க வராங்க ஆயா. அதான் கொஞ்சம் பவுடர் போட்டுக் கீது."

பாதி வழியில் ஆடுகள் குறுக்கே வந்தன. டிரைவர் பிரேக் போட்டார். முட்டைக் கூடை என் மேல் சரிந்தது. பூவுக்கு ஒரு சாண் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். தண்டு மடங்கிப் பூ தலைகீழாகத் தொங்கியது. ஒரு பக்கத் தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஆட்டுக்கல்தான் கண்முன்னால் வந்தது.

"கைய எடு. ஆட்டாத," என்றார் நைனா.

அவருக்கு வாலிபத்தில் கை ஒடிந்து புத்தூர் கட்டுப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் எலும்பு ஒடிந்தால் யாரும் யோசிப்பதில்லை, நேரே புத்தூருக்குப் போய் மூங்கில் சிம்பும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டிக்கொள்வார்கள். நைனா இப்போதும் யோசிக்கவில்லை. முட்டைக் கூடையின் விளிம்பிலிருந்து மெல்லிய மூங்கில் சிம்புகளை உடைத்து எடுத்தார். தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்தார்.

"ஒரு முட்ட குடும்மா."

வெள்ளைக் கருவில் துணியை நனைத்தார். பூவை மெதுவாகத் தூக்கி, ஒடிந்த இடத்தைப் பொருத்தி, நாலு பக்கமும் சிம்பு வைத்துச் சுற்றினார். கூட்டத்தைப் பார்த்துக் கண்டக்டர் எட்டி வந்தார். "செய்யா, காலா?" என்று தெலுங்கில் கேட்டார். கையா காலா என்று.

"பூவு," என்றார் நைனா. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் போய்விட்டார்.

சித்தூரில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வரிசையாகப் பங்களாக்காரர்களின் தொட்டிகள். நடுவில் எங்கள் பூ கட்டுப் போட்டுக்கொண்டு, ஆனால் நிமிர்ந்து நின்றது. கோட்டுப் போட்ட நடுவர் அளவுகோலோடு வந்தார். பூவை அளந்து தலையாட்டினார். பிறகு கீழே பார்த்தார்.

"இதென்ன கட்டு?"

"புத்தூர் கட்டு சார்," என்றார் நைனா.

"தண்டு ஒடைஞ்சிருக்கே. ரூல் ஒத்துக்காது."

"ஒடஞ்சது கூடிக்கும் சார். மூணு வாரம் போனா தடமே தெரியாது."

"காட்சி சாயந்திரம் முடிஞ்சிடும்யா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கார்டு பக்கத்துத் தொட்டிக்குப் போனது. டீச்சரம்மா வந்து பூவைப் பார்த்து, "நல்லாதான் வளர்த்திருக்க. ஆனா கார்டு இல்லையே தம்பி," என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவராலும் ஒன்றும் முடியாது.

நைனா பரிசு வாங்கிய தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது நம்ப பூவுல பாதிதான்டா கீது."

"தண்டு முழுசா கீது நைனா."

நான்தான் நடுவர் என்பதுபோல் என்னை முறைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் தொட்டி அவர் மடியில் இருந்தது. புத்தூர் வரும்வரை கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நானே கேட்டேன்.

"மாமாவுக்கு சொல்லி அனுப்பிடட்டுமா?"

"இன்னான்னு?"

"பொங்கலுக்கு அப்புறம் வரேன்னு."

"மாமா வேற ஆளு பாத்துக்கட்டும்," என்றார். "ஒடஞ்ச பூவையே நிக்க வெச்சவன் நானு. ஒடையாத பூவ எடுத்துக்கினு போனா அந்தக் கோட்டுக்காரன் இன்னா சொல்றான்னு பாக்கறேன். வர்ற வருசம் நம்ப வண்டியில போலாம். வைக்கோல் போட்டு."

பொங்கல் வந்தது. பூ இன்னும் கட்டோடு நின்றுகொண்டிருந்தது. அம்மா அதைத் தலையில் வைத்துக்கொள்ளக் கேட்டாள். நைனா கொடுக்கவில்லை. பிறகு பூ வாடியதும், தூரில் கன்று வரட்டும் என்று செடியை ஒரு சாண் விட்டு வெட்டினேன். நைனா கிணற்றடியில் இருந்த நல்ல பாத்தியைக் கொத்திக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எத்தினி கன்னு வரும்?"

"எட்டு வரலாம் நைனா."

"இந்தப் பாத்தி போதுமா?"

திருப்பதி மாமா இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.