சாவிக்கொத்தின் சத்தம்

பழைய கோதா ஒரு வியாழக்கிழமை போனது. மாலை ஆறு மணிக்கு அந்த ஆட்டத்தின் இணைய இணைப்பை நிறுத்தப்போவதாக ஒரு மாதம் முன்பே அறிவித்திருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு அத்தை வழக்கம்போல ஈரத் துண்டால் கன்ட்ரோலரைத் துடைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிரே டிவி அணைந்திருந்தது. அவள் ஆடும்போது அது எப்போதும் அணைந்துதான் இருக்கும். "யாரு பாக்கப்போறா? தண்டக் கரண்ட்டு" என்பாள்.

கோதா என்பது இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் வீடியோ கேம். மூன்று பாகங்கள் வந்திருந்தன; மூன்றையும் சேர்த்துப் பதினொரு வருடம் அத்தை ஆடியிருக்கிறாள், முழுக்கக் காதால். அதில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் முன்னால் வரும். கால் வாரப் போகிறவன் சரளையைத் தேய்ப்பான். எகிறிப் பாய்கிறவனின் துணி படபடக்கும். டிரைவர் என்றொரு முரடன் உண்டு. அவன் உங்களைத் தூக்கி எறியப்போகும் அரை நொடி முன்பு இடுப்புச் சாவிக்கொத்து 'சிலிங்' என்னும். அப்போது குனிந்துவிட வேண்டும். இப்படி நாற்பத்தொரு சத்தங்கள். நாற்பத்தொன்றும் அத்தைக்கு அத்துப்படி.

அத்தை என் அப்பாவின் தங்கை. நாற்பத்தாறு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். பத்தொன்பது வயதில் பார்வை போயிற்று. அதைப் பற்றி அவள் சொல்வது ஒரே வரி: "கரண்ட் போச்சு, திரும்ப வரல." இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதிக்கோ. ஆனா 'பாவம்'னு ஒரு எடத்துல வரட்டும், விரலை ஒடிச்சிடுறேன்" என்றாள்.

அவளுடைய எக்ஸ்சேஞ்ச் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை இயந்திரங்களை ஒட்டிய அறை. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு உள்ளெண்களும் மனப்பாடம். யாராவது சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்று, "நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று விளையாடினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரிந்தாலும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாள். தலைமை டாக்டரை மூன்று வருடமாக, "வாங்க பிளம்பர், அந்தக் குழாய் இன்னும் ஒழுகுது" என்றுதான் வரவேற்கிறாள். இப்போதெல்லாம் அவர் கதவைத் தட்டிப் பெயரைச் சொல்லிவிட்டு வருகிறார்.

கோதாவைப் பிடித்துக்கொண்டதும் அங்கேதான். சாப்பாட்டு அறையில் லேப் டெக்னீஷியன் ஒருவர் தினமும் ஆடுவார், தினமும் தோற்பார். பக்கத்து மேசையில் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டே சாப்பிட்ட அத்தை, மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் கத்திவிட்டாள்: "யோவ், சாவி சத்தம் கேட்டதும் குனிய மாட்டியா? காதுல என்ன, பஞ்சா?" அவர் குனிந்தார். ஜெயித்தார். மறுநாள் அவரே கன்ட்ரோலரை நீட்டினார்.

ஆட்டத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் 'லைன்ல இருங்க'. பார்வையில்லை என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. பதினொரு வருடமாக அவள் கட்டிக் காத்தது அந்த ஒன்றைத்தான். நாள் முழுக்க கேட்காமலே கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிடுகிறவர்களும், அவளிடம் பேச வேண்டியதை என்னிடம் பேசுகிறவர்களும் நிறைந்த உலகத்தில், அவளை வெறும் எதிராளியாக மட்டும் தெரிந்துவைத்திருந்த இடம் கோதாதான். அதிலும் 'மொட்டைமாடி' என்ற பெயரில் ஒருவன். ஆறு வருடமாக வாரம் நான்கு நாள் இருவரும் மோதுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அவன் வசைச் செய்தி அனுப்புவான். போனில் எழுத்தைப் படித்துச் சொல்லும் குரலுக்கு அத்தை 'கிளி' என்று பெயர் வைத்திருக்கிறாள். "டேய் லைன், உன் கட்டை விரலை வாடகைக்கு விட்டுட்டியா?" என்று கிளி எந்த உணர்ச்சியும் இல்லாமல் படிக்கும். அத்தை உருண்டு சிரிப்பாள்.

அந்த வியாழக்கிழமை கடைசி ஆட்டமும் அவனோடுதான். ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது ஜெயித்தாள். "நாலாம் பாகத்துல வா, பாத்துக்கிறேன்" என்று அவன் எழுதினான். ஆறு மணிக்கு ஹெட்போனில் ஒன்றுமில்லை. அத்தை அதைக் கழற்றவில்லை. "கட் பண்ணிட்டான்" என்றாள், பாதிப் பேச்சில் லைன் போனவள் மாதிரி.

நான் மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, கால் தரிக்காமல், பையைக்கூட முழுதாகப் பிரிக்காமல் அப்போதுதான் அத்தை வீட்டில் வந்து தங்கியிருந்தேன். நாலாம் பாகத்தை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதன் மெனு பேசாது. அதனால் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துகளைப் படித்துச் சொல்வது என் வேலையாயிற்று. முதல் ஆட்டத்திலேயே அத்தை கையை நிறுத்திவிட்டாள். நூறு வயலின்கள் அலறின. இசையை அணைத்துப் பார்த்தோம். இசை போன பிறகு எல்லா அடிக்கும் ஒரே 'உஷ்'. சரளை இல்லை, துணி இல்லை, சாவிக்கொத்து இல்லை. 'சிறுபிள்ளைத்தனமான ஒலிகளை நீக்கி ஆட்டத்தை உண்மைக்கு நெருக்கமாக்கியிருக்கிறோம்' என்று அறிவிப்பில் பெருமை வேறு.

"உண்மையா? இடுப்புல சாவிக்கொத்து வெச்சவன் ஓடினா 'உஷ்'னா சத்தம் வரும்? எந்த ஊர்ல?" என்று கத்தினாள். முப்பத்தெட்டு ஆட்டம் வரிசையாகத் தோற்றாள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தை, அதே ஆட்டத்துக்கு நம்பரை மட்டும் மாத்திப் போட்டு வித்தா யாரு வாங்குவாங்க? மாறித்தானே ஆகணும்?"

"மாத்தட்டும்டி, வேணாம்னு யாரு அழுதா? ரெண்டுல ஆளை மாத்தினான். மூணுல அடியை மாத்தினான். ராவும் பகலுமா உக்காந்து பழகிக்கிட்டேன்ல? வீட்டுக்கு வேற பெயின்ட் அடி, சோபாவைத் திருப்பிப் போடு, எனக்கென்ன. வாசப்படியைப் பேத்துட்டு 'எவ்ளோ அழகா இருக்கு பாருங்க'ன்னா, நான் எது வழியா உள்ள வர்றது?"

கோதா ரசிகர்களின் இணைய மன்றத்து விவாதங்களைக் கிளியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். புதுமை வேண்டும் என்று ஒரு கட்சி, பழசையே கொடு என்று ஒரு கட்சி. இரண்டாவது கட்சி அவளுக்குத் துணை என்று நினைத்தேன். அவர்கள் மேல்தான் ஆத்திரம் அதிகம். "டிரைவருக்கு மீசையை எடுத்துட்டானாம். நானூறு பேர் ஒப்பாரி. அவனுக்கு மீசை இருந்ததே எனக்கு இப்பத்தான் தெரியும்! நாப்பத்தோரு சத்தம் போயிருக்கு, ஒருத்தன் மூச்சு விடல."

அங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஊர் சுற்றி வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: எதைப் பார்த்தாலும் நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும். அத்தை வேலைக்குப் போயிருந்த ஒரு காலை, அதே மன்றத்தில் எழுதினேன். 'லைன்ல இருங்க என்பவர் என் அத்தை. அவருக்குப் பார்வை கிடையாது. உங்கள் புதிய பாகம் அவரை வெளியே தள்ளிவிட்டது.' மத்தியானத்துக்குள் ஆறாயிரம் இதயங்கள் விழுந்தன. நான் பெருமையில் மிதந்தேன்.

மூன்று நாளில் அத்தை ஜெயிக்கத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, ஐந்து. ஐந்தாவதில் முகம் மாறியது. "டிவியைப் போடு" என்றாள். போட்டேன். எதிராளியின் ஆள் கையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தான். அடி வாங்குவதற்காகவே நின்றான். பெயரைப் பார்த்தேன்: மொட்டைமாடி. அத்தை விசையிலிருந்து விரலை எடுத்தாள். இரண்டு முரடர்களும் எதிரெதிரே சும்மா நிற்க, ஆட்டக் கடிகாரம் பூஜ்யம் வரை இறங்கியது.

பிறகு கிளி படித்தது: "மேடம், இத்தனை நாள் தெரியாமல் மரியாதை இல்லாமல் பேசிவிட்டேன். மன்னிக்கவும். நீங்கள் எங்களுக்கெல்லாம் ஊக்கம்."

"மேடமா?" என்றாள் அத்தை. "ஆறு வருஷம் என்னை 'டேய்'னு கூப்பிட்டவன்டி அவன்." என் பக்கம் திரும்பினாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கவேயில்லை. "நீ ஊர் ஊராப் போயிட்டு வந்து கதை சொல்றவ. சொல்லிக்கோ. என் கதையைச் சொல்ல உனக்கு யாரு லைன் குடுத்தா?"

நல்லதுக்குத்தானே செய்தேன் என்றேன். "நல்லதுக்குத்தான் எல்லாரும் செய்யிறானுங்க. அவனும் நல்லதுக்குத்தான் சத்தத்தை எடுத்தான்." துணிக் கூடையைத் தூக்கி வந்து நான் உட்காரும் இரண்டாவது நாற்காலியின் மேல் வைத்தாள்.

அதன் பிறகு என்னோடு பேச்சு, பெயர் சொல்லாத பேச்சுதான். "யாரோ குழாயை மூடல." "யாரோ செருப்பை நடுவுல கழட்டிப் போட்டிருக்காங்க." என் பை பாதி பிரித்தபடியே கிடந்தது. கிளம்பியிருக்கலாம், எனக்குக் கிளம்புவது கைவந்த கலை. ஆனால் இந்த முறை கிளம்பினால் அதற்குப் பெயர் பயணமில்லை, ஓட்டம்.

மன்றத்தில் நான் எழுதியதற்குக் கேம் நிறுவனத்தின் பதில் அத்தையின் போனுக்கு வந்தது. கிளி சொன்னது: "படம்." மறுபடி தொட்டாள். "படம்." கடிதத்தை அழகான படமாகச் செய்து அனுப்பியிருந்தார்கள், பார்வையில்லாதவளுக்கு. வேறு வழியில்லாமல் போனை என் பக்கம் நீட்டினாள். அவளது மன உறுதியை வணங்குவதாகவும், அடுத்த மாதமே எழுத்துகளைப் பெரிதாக்கப் போவதாகவும் படித்தேன்.

"எவ்ளோ பெருசா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். "இந்தச் சுவர் அளவுக்கா? ஏணி வெச்சு வந்து ஒட்டிட்டுப் போவானா?"

அதற்குப் பிறகு நடந்ததை நான் தற்செயலாகத்தான் கேட்டேன். மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருந்தேன். இடைவேளை. அத்தை தன் போனில் ஸ்பீக்கரைப் போட்டு அந்த நிறுவனத்தை அழைத்திருந்தாள். அழைக்கத் தொடங்கி அது பதினேழாவது நாளாம். எதிர்முனையிலும் ஓர் ஆபரேட்டர். புகார் பிரிவுக்குப் போடுகிறேன் என்று அந்தப் பெண் சொல்ல, அத்தை, "வேணாம்மா, அங்க பாட்டுப் போட்டு உக்கார வெச்சிடுவாங்க. நானும் எக்ஸ்சேஞ்ச்தான், இருபத்தோரு வருஷம். உங்க போர்டுல சத்தம் பதியிற எடத்துக்கு ஒரு நம்பர் இருக்கும்ல?" என்றாள். பிறகு எதிர்முனை மெதுவாக, "அக்கா, நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க. லைன்ல இருங்க" என்றது.

ஒலிப் பிரிவில் ஒருவர் எடுத்தார். பார்வையைப் பற்றி அத்தை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சார், அடி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாத சண்டை சண்டையே இல்ல. கேளுங்க" என்று சொல்லிவிட்டு, நாற்பத்தொரு சத்தங்களையும் வாயாலேயே செய்து காட்டினாள். சரளைக்குப் பல்லைக் கடித்துத் தேய்த்தாள், துணிக்கு உதட்டைப் படபடத்தாள். கடைசியில் நாக்கை மேலண்ணத்தில் தட்டி, 'சிலிங்'.

அந்த மனிதர் சொன்னார்: "அது என் வீட்டுச் சாவிங்க. நான்தான் பதிவு பண்ணேன். எடுக்காதீங்கன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. ஃபைல் எல்லாம் இருக்கு. ஆனா முடிவு என் கையில இல்ல."

"யாரு கையிலன்னு சொல்லுங்க. அவங்களுக்கும் ஒரு நம்பர் இருக்கும்ல?"

அந்த எண்ணையும் வாங்கினாள். அதற்கும் அடித்தாள், அதற்கு மேலேயும் அடித்தாள். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு நான் சத்தமில்லாமல் வெளியேறினேன். "யாரோ கதவைச் சாத்தல" என்றாள் பின்னாலிருந்து.

ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புதிய திருத்தம் இறங்கியது. அறிவிப்பில் எங்கோ அடியில் மூன்றே சொல்: 'பழைய ஒலிகள் (விருப்பத்திற்கு)'. வழக்கம்போல மெனு பேசவில்லை. நான் வாசலில் நின்றபடி, "கீழ ஏழு, வலது ரெண்டு" என்றேன். அத்தையின் விரல் கீழே ஏழு தட்டியது, வலதில் இரண்டு.

மொட்டைமாடியே எதிரே வந்தான், டிரைவரை எடுத்துக்கொண்டு. இந்த முறை அவன் நிற்கவில்லை. சரளை தேய்ந்தது, துணி படபடத்தது. அத்தையின் விரல்களில் ஐந்து மாதத் துரு. மூன்றாம் சுற்றில் ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது, 'சிலிங்'. அவள் குனிவதற்குள் தூக்கி எறியப்பட்டாள். தோற்றாள்.

போன் அதிர்ந்தது. கிளி படித்தது: "ஏய் கிழவி, சாவி சத்தம் கேட்டும் குனியல. காதும் போச்சா?"

இவனை மன்றத்தில் நார் நாராகக் கிழிக்கிறேன் என்று போனை எடுத்தேன். அத்தை கிளியை மறுபடி படிக்கச் சொன்னாள். சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை. பிறகு ஈரத் துண்டை எடுத்துக் கன்ட்ரோலரைத் துடைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தாள். கையை நீட்டித் தடவி, பக்கத்து நாற்காலியிலிருந்த துணிக் கூடையைத் தூக்கித் தரையில் வைத்தாள்.