பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு பைப்பு

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம்; ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டுக்கும் சேர்த்துத் தண்ணீர்க் குழாய் ஒன்று. என் வாசலிலிருந்து அதற்கு நாற்பத்தாறு அடி; கடைசி வீட்டிலிருந்து நூற்றுப் பதினெட்டு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், எண்ணாமல் இருக்க வராது. ஆனால் சுகாதாரப் பணிமனைப் பதிவில் எங்களுக்குப் பன்னிரண்டு குழாய்கள்.

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவனே நான்தான்.

போன வருடம் படிவங்களோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். எந்தப் பகுதியில் வசதிக்குறைவு எவ்வளவு என்று புள்ளி போடுவார்களாம். புள்ளி கூடிய இடத்துக்குத்தான் மருத்துவ வசதி முதலில் போகுமாம். நல்ல யோசனை என்றே நினைத்தேன். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை என்பதால் வீடு வீடாகக் கூடப் போனேன். குழாய் இருக்கிறதா? எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "இருக்குங்க மிஸ்."

கையில் ஃபைலோடு வருகிறவரிடம் இல்லை என்று சொல்லி இந்தத் தோட்டத்தில் யாரும் நன்மை கண்டதில்லை. கூரை ஒழுகுகிறது என்று வெளியாளிடம் சொன்னால், மறுநாள் காலை பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது எல்லார் முன்னிலையிலும் ஏச்சு விழும். தகப்பன், பாட்டன் காலத்திலிருந்தே வெளியாள் கேட்டால் எல்லாம் இருக்கிறது. என் வீட்டுக் கேள்வி வந்தபோது நானும் அதையேதான் சொன்னேன். எண்ணத் தெரிந்த நானும்!

ஆறு மாதம் கழித்து, தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில் மாதம் ஒருமுறை நடந்த கர்ப்பிணி கிளினிக்கை நிறுத்தினார்கள். எங்கள் புள்ளி குறைவாம், வசதியானவர்களாம். அடுத்த வீட்டு மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்தக் காலோடு நாலு மைல் இறங்கி, பஸ் பிடித்துப் பண்டாரவளைக்குப் போக வேண்டும்.

நான் பணிமனைக்குப் போனேன். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையாகவே நாற்காலி காட்டினார்.

"ஐயா, உங்கட சனம் சொன்னதைத்தான் நாங்கள் எழுதினது. பன்னிரண்டு வீடும் இருக்கெண்டுதானே சொல்லியிருக்கு."

"ஒரே பைப்ப பன்னிரண்டு தடவ எண்ணியிருக்கீங்க சார்."

"ஒரு குழாய் எத்தினை வீட்டுக்கு எண்டு படிவத்தில கேள்வி இல்லையே."

மூன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படிக் கூட்டியிருந்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டு மறுபடி எழுத வைத்திருப்பேன். இங்கே அதற்கு முத்திரையே குத்தியிருக்கிறார்கள். வீட்டுக்காரர்களே எழுத்தில் திருத்தித் தந்தால் பார்க்கலாம் என்றார்.

சாயந்திரம் குழாயடியில் பேச்சை எடுத்தேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு இருக்குன்னுட்டு இன்னைக்கு இல்லன்னா, நம்மளப் பொய்க்காரங்கன்னுதான சொல்லுவாங்க?" என்றாள் ஒருத்தி.

ஓய்வுபெற்ற கங்காணி சிரித்தார். "வாத்தியாரு என்ன சொன்னாராம்? மொதல்ல அவரு மாத்தட்டும்."

சுருக்கென்றது. அங்கேயே ஒரு தாளில் என் பதிலைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வீட்டு மருமகள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"ரெண்டாவதா எம் பேரப் போடுங்க வாத்தியாரய்யா. எங்க வீட்டுல பைப்பு இல்ல. தூக்குறவ நான், எனக்குத் தெரியாதா?"

அவள் மாமியார் முறைத்தார். அவள் பேனாவை விடவில்லை. இருட்டுவதற்குள் ஒன்பது கையெழுத்துகள் சேர்ந்தன. மூன்று வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன.

அதிகாரி ஒன்பதையும் விரல்வைத்து எண்ணினார். மீதி மூன்று எங்கே என்றார்! பன்னிரண்டு குழாயை எண்ணாமல் எழுதிய இடத்தில் கையெழுத்துக்கு மட்டும் இத்தனை கறார். அப்போதுதான் குரலை உயர்த்தினேன். கடைசியில் பன்னிரண்டை வெட்டி ஒன்று என்று எழுதினார்.

அடுத்த மாதம் கிளினிக் திரும்ப வந்தது. முதல் நாளே மிட்வைஃப் அந்தப் பெண்ணின் பிரஷரைப் பார்த்துவிட்டு, அப்படியே பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

கேள்வியை எப்போது திருத்துவீர்கள் என்று அதிகாரியைக் கேட்டேன். படிவம் கொழும்பிலிருந்து வருகிறதாம். கீழ் லயத்தில் பதினாறு வீடுகள், அங்கேயும் குழாய் ஒன்றுதான். பதிவில் இன்றைக்கும் பதினாறு.